புரட்டாசியில் மீன் பிடிக்கப் போன மாப்பிள்ளை

எடின்பரோ,
புரட்டாசி 12.

மதிப்பிற்குரிய மச்சான் சுவாமிநாதன் அவர்களுக்கு, ராசிபுரம் குமரகுரு கைகூப்பி எழுதிக்கொள்வது. நானும் உங்கள் தங்கை கமலவேணியும் மகள் ரஞ்சனி வீட்டில் சௌக்கியம். நீங்களும் அக்காவும் சுகன்யாவும், அம்மாபேட்டைக் கடையில் இருக்கிற அத்தனை பேரும் அவ்வாறே இருக்க வேண்டுகிறேன். அங்கே மழை உண்டா என்று எழுதவும். இங்கே அப்படி யாரும் கேட்பதில்லை. மழை நின்றதா என்றுதான் கேட்கிறார்கள். அதற்கும் இல்லை என்பதுதான் பதில்.

ஆவணியில், நாங்கள் விமானம் ஏறுவதற்கு நான்கு நாள் முன்பு, கடையில் வைத்து என்னிடம் ஒரு கேள்வி கேட்டீர்கள். சுகன்யாவுக்கு வந்திருக்கும் எடப்பாடி வரன் பிரபாகரின் ஜாதகத்தோடு ஒரு தாளும் வந்திருந்தது. ஸ்காட்லாந்தில் காற்றாலைக் கம்பெனியில் இன்ஜினியர், உயரம் ஐந்தடி எட்டங்குலம், பொழுதுபோக்கு மலை ஏரிகளில் மீன் பிடித்துத் திரும்ப விடுதல். நீங்கள் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி படித்தீர்கள். "ஏனுங்க மாப்ள, புடிச்ச மீன மறுக்காவும் தண்ணியிலயே உடறதுக்கு எதுக்குங்க ஒருத்தன் மலையேறிப் போகோணும்? உடறதுனா புடிக்காமயே ஊட்ல இருந்துக்கலாமல்லங்க?" என்றீர்கள். நான் முப்பத்து நான்கு வருஷம் அறிவியல் பாடம் நடத்தியவன். பதில் தெரியாத கேள்விக்கு 'நாளைக்குச் சொல்கிறேன்' என்று சொல்லிப் பழகியவன். அன்றும் அப்படித்தான் சொன்னேன். அந்த நாளை இன்றுதான் வந்திருக்கிறது.

படியிறங்கும்போது சுகன்யா பின்னாலேயே வந்தாள். "அப்பா கேக்கறது கெடக்கட்டுங்க மாமா. யாரும் பாக்காதப்ப அவரு எப்படி இருக்கறாருனு மட்டும் பாத்துச் சொல்லுங்க. நீங்க செரின்னா எனக்கும் செரி" என்றாள். கல்லூரியில் பாடம் எடுக்கிற பெண், இருபத்தேழு வயது, தன் வாழ்க்கையை என் கண்ணை நம்பி ஒப்படைத்துவிட்டு, கடைக்குள் போய்விட்டாள். எடப்பாடிக்காரர்களுக்கு ஐப்பசி முதல் தேதி பதில் சொல்லியாக வேண்டும் என்பதும் எனக்குத் தெரியும். அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளவும்.

நீங்கள் போட்ட நிபந்தனையை நான் மறக்கவில்லை. "வெசாரிக்க வந்தோம்னு காட்டிக்காதீங்க மாப்ள. தெரிஞ்சா எவனும் மூணு நாளைக்கு நல்லவனாத்தான் இருப்பான்" என்றீர்கள் அல்லவா? அதைப் பரீட்சை விதி போலக் கடைப்பிடித்தேன். ரஞ்சனியின் அலுவலகத் தோழி ஒருத்தி வழியாக ஏற்பாடு நடந்தது. பிரபாகரும் அவருடைய நண்பர் ஒருவரும் வருஷா வருஷம் போகிற மலை ஏரிக்கு, ஊரிலிருந்து வந்திருக்கிற ஒரு ரிட்டயர்டு வாத்தியாரையும் சேர்த்துக்கொள்ள முடியுமா என்று கேட்டார்கள், முடியும் என்றார்கள், அவ்வளவுதான். ஊர், பெயர் எதுவும் நான் கேட்கவில்லை. நம் பக்கத்தில் ஊரைக் கேட்டால் அடுத்து யார் வீட்டுப் பையன் என்று கேட்போம், அதற்கடுத்து அவர்கள் நம்மைக் கேட்பார்கள், மூன்றாவது கேள்வியில் அம்மாபேட்டை வந்துவிடும். எனவே இருவரையும் தம்பி, சாமி என்றே கூப்பிட்டுக்கொண்டேன். அவர்களோ ஒருவரை ஒருவர் மாப்ள, மாப்ள என்றே கூப்பிட்டுக்கொண்டார்கள். நீங்கள் அனுப்பிய போட்டோவில் பிரபாகர் கறுப்புக் கண்ணாடி போட்டு அருவிக்குப் பக்கத்தில் நிற்கிறார், தாடி இல்லை. ரயிலடிக்கு வந்த இருவருக்கும் தாடி. தாடி வைத்துவிட்டால் இந்தக் காலத்துப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பையன்தான். ஆனாலும் எனக்குக் குழப்பமே இல்லை. ஒருவர் தோளில் நீளமான தூண்டில் உறை, சட்டைப் பையெல்லாம் நூல் கண்டு, தொப்பியில் இறகால் செய்த பொய்ப்பூச்சிகள் பத்துப் பன்னிரண்டு. இன்னொருவர் கையில் குக்கர்.

காரில் போன இரண்டு மணி நேரமும் மாப்பிள்ளை பிரவுன் டிரவுட் மீனைப் பற்றியே பேசினார். எனக்கு அப்படி ஒரு சந்தோஷம். ஒரு விஷயத்தை இவ்வளவு ஆசையாகச் சொல்கிற மாணவனை நான் பத்து வருஷத்துக்கு ஒருவனைத்தான் பார்த்திருக்கிறேன். "இது வளக்கற மீனு இல்லீங்க சார். யாரும் கொண்டாந்து உட்டதும் இல்ல. பனியுகம் முடிஞ்சப்ப வந்து ஏரியில மாட்டிக்கிட்டதுங்க, பத்தாயிரம் வருசமா இங்கயே குடித்தனம்" என்றார். நம் நாமக்கல்லில் இத்தனை கோழிப் பண்ணை இருந்து என்ன, சேவலின் கழுத்து இறகை நூலில் சுற்றினால் அது பூச்சி போலவே தண்ணீரில் மிதக்கும் என்று எனக்கு இவர் சொல்லித்தான் தெரியும். பின் சீட்டில் இருந்த நண்பர் இரண்டு முறை ஜன்னலை ஏற்றி, "சாருக்குக் காத்து காதுல அடிக்குது" என்று மட்டும் சொன்னார்.

கார் நின்ற இடத்திலிருந்து ஏரிக்கு நாலு கிலோமீட்டர் நடை. பாதை கிடையாது. புல் தரை போலத் தெரிவதெல்லாம் தரை இல்லை, ஆயிரம் வருஷத்துப் பாசியும் புல்லும் மக்கிப் போன கறுப்புச் சேறு. நான் நம் ஊர் வயல் வரப்பில் நடந்தவன் என்கிற தைரியத்தில் ஒரு கால் வைத்தேன், தொடை வரை உள்ளே போயிற்று, இழுத்தேன், கால் வந்தது, பூட்ஸ் வரவில்லை, அதற்குள் மறு கால் இறங்க ஆரம்பித்தது. கத்தலாம் என்று வாயைத் திறக்கும் நேரத்தில் மாப்பிள்ளை முன்னால் இருந்த சின்னக் குட்டையைப் பார்த்துக் கையை உயர்த்தி, "சார், அசையாதீங்க. மீனு மேல வருது" என்றார். என்ன ஒரு கவனம் பாருங்கள். வகுப்பில் பக்கத்துப் பையன் மயங்கி விழுந்தாலும் கரும்பலகையிலிருந்து கண்ணை எடுக்காத பிள்ளைகள்தான் மாநிலத்தில் முதலாவதாக வருவார்கள். நானும் அசையாமல் இடுப்பு வரை இறங்கிக்கொண்டிருந்தேன். நண்பர் குக்கரைக் கீழே வைத்துவிட்டு வந்து என் அக்குளில் கை கொடுத்துத் தூக்கிப் போட்டார், தோள் வரை சேற்றில் கையை விட்டுத் துழாவினார், பூட்ஸ் கிடைக்கவில்லை, தன்னுடையதைக் கழற்றி எனக்கு மாட்டிவிட்டார். "நீங்க, தம்பி?" என்றேன். "எனக்கு ரெண்டு சாக்ஸ் இருக்குதுங்க சார்" என்றார். மீதி மூன்று கிலோமீட்டரும் சாக்ஸின் மேல் பிளாஸ்டிக் கவர் கட்டிக்கொண்டு சரக் சரக் என்று நடந்து வந்தார். அந்தச் சத்தத்தில் மீன்கள் ஓடிவிடும் என்று மாப்பிள்ளை இரண்டு முறை கடிந்துகொண்டார். கண்டிப்பும் வேண்டியதுதானே.

ஏரியைப் பற்றிச் சொல்ல வேண்டும், மச்சான். நம் கண்ணங்குறிச்சி மூக்கனேரியை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலிருந்து வீடு, ரோடு, கம்பம், ஆள் எல்லாவற்றையும் அழித்துவிடுங்கள். சுற்றிலும் நம் சேர்வராயன் மலையை மரமில்லாமல் நிறுத்துங்கள். தண்ணீரை வரக்காப்பி நிறத்துக்கு மாற்றுங்கள். பிறகு யாரோ 'உஷ்' என்று சொன்ன மாதிரி ஒரு அமைதி. அந்த அமைதியில் பொட்டுப் பொட்டாக வட்டம் எழும்பும், அதுதான் மீன் பூச்சியை எடுப்பது. ஏரிக்கரையில் மேய்ப்பர்கள் விட்டுப்போன கல் வீடு ஒன்று, அதில்தான் தங்கினோம். மாப்பிள்ளை ஜன்னலில் இருந்த சிலந்தி வலையை உற்றுப் பார்த்து, அதில் என்ன பூச்சி மாட்டியிருக்கிறதோ அதே நிறத்தில் ஒரு பொய்ப்பூச்சியைத் தொப்பியிலிருந்து எடுத்துக் கட்டினார். செய்முறைத் தேர்வு என்றால் இதுதான் என்று எழுந்து நின்று கைதட்டலாம் போல இருந்தது.

உண்மையான பூச்சிகளும் இருந்தன. கடுகில் பாதி இருக்கும், ஆயிரம் ஆயிரமாக வந்து மூக்கு, காது, டம்ளர் எல்லாவற்றிலும் விழும். நான் நீலகிரித் தைலத்தைப் பூசினேன், அவற்றுக்கு அது பிடித்திருந்தது. நண்பர் தன் தலையில் இருந்த வலையைக் கழற்றி எனக்கு மாட்டினார். மறுநாள் அவர் முகம் வெங்காய போண்டா மாதிரி இருந்தது. மாப்பிள்ளை மட்டும் எதற்கும் அசையாமல் தண்ணீரில் நின்று பதினோரு மீன் பிடித்தார், பதினொன்றையும் விட்டார்.

தூண்டில் வீச எனக்கும் கற்றுக் கொடுத்தார். கையைப் பின்னால் கொண்டுபோய், ஒரு நொடி நிறுத்தி, முன்னால் வீச வேண்டும், இந்த வீச்சுக்குக் காஸ்ட் என்று பெயராம். நான் நிறுத்தினேன், வீசினேன், கொக்கி என் குரங்குக் குல்லாவைப் பிடித்துக்கொண்டு முப்பதடி பறந்து ஏரி நடுவில் பூப் போல இறங்கிற்று. "சார், சூப்பர் காஸ்ட்" என்று மாப்பிள்ளை மனம் விட்டுப் பாராட்டினார். நூலைச் சுற்றினேன், நூல் வந்தது, குல்லா வரவில்லை. அது கமலவேணி கையால் பின்னியது என்று சும்மா சொல்லி வைத்தேன். திரும்பிப் பார்த்தால் அந்த நண்பர் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருக்கிறார். "ஏன் சாமி, போனாப் போவுது, வெளிய வாங்க" என்றேன். "அம்மா பின்னுனதுன்னீங்களே சார்" என்று பல் கிட்டிப்போய்ச் சொன்னார். மாப்பிள்ளைக்குத்தான் வருத்தம். அந்தப் பக்கம் ஒரு நல்ல மீன் இருந்ததாம், கலைந்துவிட்டது. "மாப்ள, நீ மீனு புடிக்கற எடத்துக்கு வந்து குளிக்கறயேடா" என்றார். நண்பர் சிரித்துக்கொண்டே குல்லாவைப் பிழிந்தார்.

இரண்டாம் நாள் படகு. மாப்பிள்ளைக்கு ஒரு பெரிய மீன் மாட்டியது, அவர் எழுந்து நின்றார், துடுப்பு ஒன்று நழுவிப் போய்விட்டது. இன்னொருவராக இருந்தால் மீனை விட்டுத் துடுப்பைப் பிடித்திருப்பார். இவர் மீனை விடவில்லை. இருபது நிமிஷம், அது ஓடினால் நூலை விட்டு, அது நின்றால் சுற்றி, குழந்தையைச் சோறுண்ணக் கூப்பிடுவது போலக் கூப்பிட்டுக் கொண்டுவந்தார். அதற்குள் காற்று எங்களை ஏரியின் அந்தக் கோடிக்குத் தள்ளிவிட்டது. அந்த நண்பர் ஒரு கையில் மிச்சத் துடுப்பும் மறு கையில் மத்தியானச் சோறு கொண்டுவந்த குக்கரின் மூடியுமாகத் துடுப்புப் போட ஆரம்பித்தார். ஒன்றரை மணி நேரம் எதிர்காற்று. "தம்பி, கை மாத்தட்டுங்களா?" என்றேன். "வேண்டாங்க சார், நீங்க குளுருக்குக் கைய உள்ள வெச்சுக்கங்க" என்றார். நானும் உள்ளேயே வைத்துக்கொண்டு, அந்த மீனின் நீளத்தை மாப்பிள்ளையோடு விவாதித்து வந்தேன்.

சாப்பாட்டுக்குக் குறைவில்லை. ரொட்டியும் டப்பா மீனும்தான் இருக்கும் என்று நினைத்திருந்தேன். ஆனால் அந்த நண்பர் அரிசி, பருப்புப் பொடி, புளி, சீரகம் எல்லாம் கட்டிக்கொண்டு வந்திருந்தார். மூன்று வேளையும் ரசம். சனிக்கிழமை விடிந்ததும் அந்தக் குளிரில் குளித்துவிட்டு, மலைப் பக்கம் பார்த்து ஒரு கும்பிடு போட்டார். மூன்று நாளும் தூண்டிலையே தொடவில்லை. "நீங்க புடிக்கலீங்களா தம்பி?" என்றதற்கு, "பொரட்டாசிங்க சார்" என்றார். "திங்கப் போறதில்லயே, உடத்தானே போறோம்? எம் பக்கம் பெருமாளே ஒண்ணுஞ் சொல்லல" என்று மாப்பிள்ளை கேலி செய்தார். எனக்கும் மாப்பிள்ளையின் வாதம்தான் சரியென்று பட்டது. பிடித்ததைத் திரும்ப விட்டால் புரட்டாசிக்கு என்ன குறை? மேலும், மீன் பிடிக்க வந்துவிட்டு மீன் பிடிக்காமல் இருப்பவரை என்ன என்று சொல்வது? வருகைப் பதிவில் கையெழுத்துப் போட்டுவிட்டுத் தேர்வு எழுதாமல் உட்கார்ந்திருக்கிற பையன் மாதிரி.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். சனிக்கிழமை மத்தியானம் எனக்கே ஒரு மீன் மாட்டியது. மாப்பிள்ளை எதிர்க்கரையில் இருந்தார். அந்த நண்பர் ஓடி வந்து வலையில் எடுத்தார். நான் மீனைத் தொடப் போனேன். "சார், மொதல்ல கைய நனைச்சுக்கங்க. காஞ்ச கையில தொட்டா அதும்மேல இருக்கற வழவழப்புப் போயிருங்க. அப்புறம் சீக்குப் புடிச்சுரும்" என்று சொல்லி, என் இரண்டு கைகளையும் பிடித்து அந்தப் பனித் தண்ணீரில் முக்கினார். பிறகு மீனை என் கையில் வைத்தார். ஒரு சாண் இருக்கும். பொன் வயிறு, முதுகு முற்றின புளி நிறம், பக்கவாட்டில் சிவப்புப் பொட்டு, ஒவ்வொரு பொட்டைச் சுற்றியும் வெளிர் வளையம். குங்குமம் வைத்துச் சுற்றிலும் சந்தனம் இட்டதுபோல் இருந்தது. அது என்னைப் பார்த்தது. "இப்ப தண்ணிக்குள்ள வெச்சுக்கங்க. அதுவா போகோணும், நாம தள்ளக் கூடாது" என்றார். வைத்திருந்தேன். செவுள் இரண்டு முறை திறந்து மூடியது. வாலை ஒரு தட்டுத் தட்டிவிட்டுப் போய்விட்டது.

மச்சான், கடைசி பெஞ்சில் பேசாத பையன் ஒருவன் எல்லா வகுப்பிலும் இருப்பான். அவனை நான் எழுப்பிக் கேள்வி கேட்பது, நிற்க வைப்பதற்காக அல்ல. அவன் குரல் எப்படி இருக்கும் என்று ஒரு தரம் கேட்க வேண்டும், கேட்டதும் உட்காரச் சொல்லிவிட வேண்டும். அந்தக் குரல் எனக்கு வருஷக் கணக்கில் மறக்காது. மீனைப் பிடித்து விடுவதும் அதுதான். அதற்கு மலையேறத்தான் வேண்டும், வீட்டில் இருந்தால் ஆகாது. இதைப் பொழுதுபோக்காக வைத்திருப்பவன் கையில் பெண்ணைக் கொடுக்கலாம் என்பது என் துணிபு. நூற்றுக்குத் தொண்ணூற்றிரண்டு போட்டிருக்கிறேன். எட்டு மதிப்பெண் குறைத்தது, கிளம்பும்போது பாத்திரம் கழுவ மறந்ததற்காக. அதையும் அந்த நண்பர் கழுவிவிட்டார், எனவே பெரிய குறையில்லை. அந்த நண்பருக்கு மதிப்பெண் போடவில்லை. அவரைப் பற்றி யாரும் கேட்கவில்லையே.

சுகன்யாவிடம் சொல்லுங்கள்: மூன்று நாளும் மாமா அவன் மேலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை என்று. அக்காவுக்கு வணக்கம். சுகன்யாவுக்கும் கடையில் உள்ள பிள்ளைகளுக்கும் எங்கள் ஆசிகள். உங்கள் முழங்கால் வலிக்குக் குளிர் ஆகாது, நிச்சயதார்த்தத்தை வெயில் காலத்தில் வையுங்கள்.

தங்கள் அன்பு மறவாத,
குமரகுரு.

பின்குறிப்பு: உறையில் போட்டு ஒட்டுவதற்குள் வாசலில் பார்சல் வந்தது. பிரித்தால் என் குரங்குக் குல்லா. துவைத்து, காய வைத்து, கொக்கி கிழித்த இடத்தை அதே நிறக் கம்பளி நூலில் தைத்து அனுப்பியிருக்கிறது. கூட ஒரு துண்டுச் சீட்டு: "சார், குல்லா அன்னிக்கு ஈரமா இருந்ததால குடுக்கலீங்க. அம்மாவக் கேட்டதாச் சொல்லுங்க. ஈஸ்வர் உங்க காஸ்ட்ட இன்னும் சொல்லிச் சொல்லிச் சிரிக்கிறான். அடுத்த வருசம் பொரட்டாசிக்கு முன்னாடி வாங்க சார், நானும் தூண்டில் போடுவேனுங்க." கீழே கையெழுத்து, பிரபாகர். அனுப்புநர் முகவரியிலும் பிரபாகர்தான்.

ரஞ்சனியை விட்டு அவள் தோழியிடம் கேட்கச் சொன்னேன். தூண்டில்காரர் ஈஸ்வர், குமாரபாளையத்துப் பையன், போன வருஷமே கல்யாணம் ஆகிவிட்டது. நான் மூன்று நாளும் கண் எடுக்காமல் பார்த்தது அவரைத்தான். கமலவேணி கேட்டுவிட்டு, "முப்பத்து நாலு வருசம் பேரு கூப்ட்டுத்தானுங்களே பாடம் ஆரம்பிச்சீங்க?" என்று ஒரே ஒரு வார்த்தைதான் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் ஒரு முறை விடைத்தாள்களின் முகப்புத் தாளை மாற்றித் தைத்துவிட்டேன். அதற்குப் பிறகு இப்போதுதான். விடையை அடிக்கக் கூடாது, தவறென்றால் அப்படியே விட்டுவிட்டுக் கீழே எழுத வேண்டும் என்று பிள்ளைகளுக்குச் சொன்னவன் ஆகையால், மேலே உள்ள பக்கங்களைக் கிழிக்காமல் அனுப்புகிறேன். தொண்ணூற்றிரண்டை மட்டும் செல்லாது என்று கொள்ளவும்.

யாரும் பார்க்காதபோது எப்படி இருக்கிறார் என்றுதானே சுகன்யா கேட்டாள். நான் அவரைப் பார்க்கவே இல்லை, மச்சான். கடிதத்தை அவள் கையில் கொடுத்து, முதலிலிருந்து மறுபடி படிக்கச் சொல்லுங்கள். இந்த முறை தூண்டில்காரரை விட்டுவிட்டு, குக்கர் வைத்திருப்பவரை மட்டும் பார்க்கச் சொல்லுங்கள்.